அலமாரி ஷட்டருக்கு உலோக ஓரப்பட்டை: யூ, டி, எல் வகைகளில் எதை வாங்கலாம்?

முடிவை முதலில் சொல்லிவிடலாம். வீட்டிலேயே ஆசாரி ப்ளைவுட்டில் லேமினேட் ஒட்டிச் செய்யும் கீல் ஷட்டருக்கு டி பட்டைதான் சரி. ஃபேக்டரியிலிருந்து அளவு மாறாமல் வரும் 18 மி.மீ. எம்டிஎஃப் (மர இழையை அழுத்திச் செய்த) பலகைக்கும் ஸ்லைடிங் கதவுக்கும் யூ பட்டை நன்றாக நிற்கும். எல் பட்டை, ஓரம் அடிபட்டு லேமினேட் உதிர்ந்த பழைய ஷட்டரைக் காப்பாற்ற உதவும்; புது வேலைக்கு அது தேவையில்லை. இரட்டைப்பக்க டேப்பில் வரும் பளபள ஸ்டிக்கர் பட்டையை எந்த விலையிலும் வாங்க வேண்டாம். ஷட்டர் என்று இங்கே சொல்வது அலமாரிக் கதவை. யூ பட்டை அதன் ஓரத்தை மூடி, இரண்டு முகத்தின் மேலும் மடங்கிய ‘உதடு’களால் கவ்வும். டி பட்டையின் தட்டையான ‘தலை’ ஓரத்தை மூடும், நடுவிலுள்ள ‘காம்பு’ ஓரத்தில் எடுத்த நீளப் பள்ளமான காடிக்குள் இறங்கும். எல் பட்டை ஓரத்தையும் ஒரு முகத்தையும் மட்டும் மூடும்.

கடைகளில் நடப்பது வேறு. சென்னை சைடன்ஹாம்ஸ் சாலையானாலும் மாவட்டத் தலைநகரத்து ப்ளைவுட் கடையானாலும் முதலில் எடுத்துக் காட்டுவது யூ பட்டையைத்தான். காரணம் எளிது. யூ பட்டை பலகையின் ஓரத்தை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும். வெட்டு கொஞ்சம் கரடுமுரடாக இருந்தாலும் மறைத்துவிடும். காடி எடுக்கும் வேலை இல்லை. பார்ப்பதற்கும் ஷட்டரைச் சுற்றி மெல்லிய சட்டம் போட்டதுபோல் அழகாக இருக்கும். இவ்வளவும் உண்மைதான். ஆனால் கீல் பக்கத்திலும் அடி ஓரத்திலும் அது என்ன செய்யும் என்பதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. வாங்கிய பிறகு வரும் புகார்கள் பெரும்பாலும் அந்த இரண்டு இடங்களில்தான்.

கடையில் பார்க்க வேண்டியவை

அலுமினியப் பட்டை 6063 உலோகக் கலவையில் அச்சின் வழியே தள்ளி எடுக்கப்படுவது. பெரும்பாலும் 3 மீட்டர் நீளத்தில் வரும். சுவர் தடிமன் 1.2 மி.மீ. இருந்தால் நல்ல பட்டை, 0.8 என்றால் உதடு கையால் அழுத்தினாலே விரியும். தடிமனைக் கண்ணால் கணிப்பது கடினம் என்பதால் தராசைக் கேளுங்கள். உள் அகலம் 21, உதடு 10 மி.மீ. உள்ள யூ பட்டை 1.2 மி.மீ. சுவரில் 3 மீட்டருக்குச் சுமார் 420 கிராம் எடை இருக்கும். அதே அளவு 0.8 மி.மீ. சுவரில் 275 கிராமுக்குப் பக்கத்தில் வந்துவிடும். இவ்வளவு பெரிய வித்தியாசத்தைச் சாதாரணத் தராசே காட்டிக்கொடுக்கும்.

அடுத்தது பூச்சு. அனோடைஸ் செய்த (மின்சாரம் செலுத்தி மேல்தோலைக் கெட்டியாக்கிய) பட்டையில் நிறம் உலோகத்தின் மேல்தோலிலேயே இருக்கிறது. 10 முதல் 15 மைக்ரான் இருந்தால் வீட்டுக்குள் போதும். பவுடர் கோட்டிங் 60 முதல் 80 மைக்ரான் வரை தடிமனாக உட்காரும். மேட் கறுப்புக்கு அதுதான் நல்லது. இரண்டுக்கும் நடுவே வெறும் அலுமினியத்தின் மேல் நிற லேக்கர் அடித்த மட்டமான பட்டையும் அதே ‘ஷாம்பெய்ன்’, ‘ரோஸ் கோல்டு’ பெயரில் விற்கிறது. பஞ்சில் தின்னரை நனைத்து மறைவான ஒரு முனையில் தேயுங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் அது லேக்கர். கை வியர்வை படும் இடத்தில் சீக்கிரமே உரியும். அனோடைஸ் நிறம் தின்னருக்கு அசையாது.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டி பட்டை பிவிடி பூச்சோடு (வெற்றிடத்தில் ஆவியாகப் படியவைக்கும் மெல்லிய பூச்சு) தங்க நிறத்திலும் கறுப்பிலும் வருகிறது. அலுமினியத்தைவிட விலை அதிகம். ஆனால் கோடு மெல்லியதாக, கூர்மையாக, கீறல் தாங்கும்படி இருக்கும். இங்கே ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது: காந்தம் ஒட்டவில்லை என்றால் அது துரு தாங்கும் 304 ரக ஸ்டீல் என்பது. மட்டமான 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது. எனவே காந்தச் சோதனை 430 போன்ற ரகங்களை விலக்க மட்டுமே பயன்படும். 202-க்கும் 304-க்கும் வித்தியாசம் காட்டும் சொட்டு மருந்து ஸ்டீல் வியாபாரிகளிடம் இருக்கும். பூச்சு இல்லாத வெட்டு முனையில் ஒரு துளி விடச் சொல்லுங்கள். மாறும் நிறத்தை வைத்து எந்த ரகம் என்று தெரிந்துவிடும். சென்னையின் கடற்கரை ஓரம், தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற உப்புக் காற்று ஊர்களில் 202 பட்டையின் வெட்டு முனைகளிலிருந்து துரு கிளம்பும். அங்கே 304 அல்லது அனோடைஸ் அலுமினியம் மட்டும் வாங்குங்கள்.

எல்லாப் பட்டையையும் ஒரே கட்டிலிருந்து, ஒரு நீளம் கூடுதலாக எடுங்கள். அனோடைஸ் நிறம் ஒவ்வொரு தொகுதிக்கும் கொஞ்சம் மாறும். ஒன்று வீணாகிப் பிறகு போய் வாங்கினால், பக்கத்துப் பக்கத்து ஷட்டரில் இரண்டு ஷாம்பெய்ன் நிற்கும்.

தடிமன் கணக்கு

பட்டை வாங்கும்போது ‘18 எம்எம் ப்ளைவுட்’ என்று சொல்லி 18 மி.மீ. யூ பட்டை வாங்குவதுதான் மிகச் சாதாரணமான தவறு. ப்ளைவுட் 18. வெளிப்பக்க லேமினேட் 1 மி.மீ., உள்பக்க லைனர் (மெல்லிய உள் லேமினேட்) 0.8, இரண்டு பக்கப் பசை சேர்த்தால் முடிந்த ஷட்டர் 20 மி.மீ. அளவுக்கு வந்து நிற்கும். ஆறு நூல் (19 மி.மீ.) பலகை என்றால் 21. இது மட்டுமல்ல, ப்ளைவுட்டுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 303 விதியே 6 மி.மீ.க்கு மேற்பட்ட ப்ளைவுட்டில் தடிமன் 5 சதவீதம் கூடவோ குறையவோ அனுமதிக்கிறது. 18 என்று எழுதிய பலகை 17.1 ஆகவும் இருக்கலாம், 18.9 ஆகவும் இருக்கலாம். ஒரே பலகையின் நடுவும் ஓரமும்கூடச் சமமாக இருக்காது.

ஆகவே லேமினேட் ஒட்டி, அழுத்தம் எடுத்து, ஒரு நாள் காய்ந்தபின் வெர்னியர் அளவுகோலால் ஷட்டரின் நான்கு ஓரங்களிலும் பல இடங்களில் அளக்க வேண்டும். கிடைத்ததில் பெரிய அளவோடு 0.3 முதல் 0.5 மி.மீ. சேர்த்தால் வருவதுதான் யூ பட்டையின் உள் அகலம். அதைவிட இறுக்கமான பட்டையை ரப்பர் சுத்தியலால் தட்டி ஏற்றினால் உதடு லேமினேட்டின் விளிம்பைக் கொத்தியெடுக்கும்; ஏறிய பிறகும் உதடு வெளியே விரிந்தே நிற்கும். ஒரு மி.மீ. தளர்வாக இருந்தால் பசைதான் இடைவெளியை நிரப்ப வேண்டும். முன்பக்கம் ஒட்டி, பின்பக்கம் பிளந்து தெரியும்.

டி பட்டைக்குக் கணக்கு எதிர்த்திசை. தலையின் அகலம் ஷட்டரின் தடிமனுக்குச் சமமாகவோ 0.3 மி.மீ. குறைவாகவோ இருக்கலாம், கூடுதலாக மட்டும் இருக்கக் கூடாது. கூடினால் அந்த விளிம்பு விரலைக் கீறும், துணி நூலை இழுக்கும். குறைந்தால் லேமினேட்டின் ஓரத்தை மெல்லிய அரத்தால் 45 டிகிரியில் லேசாகச் சரித்துவிட்டாலே போதும்.

யூ பட்டைதான் வேண்டும், ஆனால் உதடு லேமினேட்டின் மேல் துருத்தக் கூடாது என்பவர்களுக்கு ஒரு நல்ல வழி உண்டு. உதட்டின் அகலம் 10 மி.மீ. என்றால், ஓரத்திலிருந்து அந்த 10 மி.மீ. அளவுக்கு லேமினேட்டை டிரிம்மர் மிஷினால் எடுத்துவிட வேண்டும். உதடு நேரடியாக ப்ளைவுட்டின் மேல் உட்காரும், 1 மி.மீ. லேமினேட்டும் 1 அல்லது 1.2 மி.மீ. உதடும் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்கு வரும். தூசி தங்காது, துடைக்கும் துணி மாட்டாது. இதற்கு பலகையின் அசல் தடிமனுக்கு ஏற்ற பட்டை போதும். ஆனால் டிரிம்மரின் வழிகாட்டி அரை மி.மீ. விலகினாலும் லேமினேட்டுக்கும் பட்டைக்கும் நடுவே பழுப்புக் கோடு தெரியும். கை தேர்ந்தவர் இல்லாவிட்டால் கேட்காதீர்கள்.

கீல் பக்கம்

பட்டை வேலை தோற்பது பெரும்பாலும் இங்கேதான். ஆட்டோ ஹிஞ்ச் என்பது ஷட்டரின் பின்பக்கத் துளையில் கிண்ணம் பதியும் கீல். அந்தக் கிண்ணம் 35 மி.மீ. விட்டம். ஷட்டரின் ஓரத்துக்கும் கிண்ணத் துளையின் விளிம்புக்கும் நடுவே 3 முதல் 6 மி.மீ. மட்டுமே இருக்க வேண்டும் என்று கீல் செய்பவர்கள் அளவு கொடுக்கிறார்கள். யூ பட்டையின் பின் உதடோ 10 மி.மீ. அகலம். ஆக, கிண்ணம் உட்கார வேண்டிய இடத்திலேயே உதடும் உட்காருகிறது.

இதைச் சமாளிக்க உதட்டோடு சேர்த்து 35 மி.மீ. துளையிடும் பிட்டை இறக்குபவர்கள் இருக்கிறார்கள். பிட்டின் கார்பைடு முனை உடையும், பட்டை முறுக்கிக் கிழியும். துளையை உள்ளே தள்ளிப் போடுவது அடுத்த தவறு: 12 மி.மீ. உள்ளே போனால் ஷட்டர் பெட்டியின் பக்கப் பலகையை மூடும் அளவு மாறி, திறக்கும்போது ஓரம் பக்கத்து ஷட்டரில் இடிக்கும். சரியான முறை, பட்டை ஒட்டுவதற்கு முன் ஒவ்வொரு கீலின் இடத்திலும் பின் உதட்டில் 65 மி.மீ. அகலத்துக்கு வெட்டு எடுத்து, அரத்தால் மழுக்கி, பிறகு பொருத்துவது. கிண்ணத்தின் இறக்கைத் தகடு அந்த வெட்டுக்குள் லேமினேட்டின் மேல் சமமாகப் படிய வேண்டும். 2 மீட்டருக்கு மேல் உயரமான ஷட்டருக்குப் பல கீல் கம்பெனிகளின் அட்டவணைப்படி 5 கீல் வேண்டும். அப்படியானால் ஒரு பட்டையில் ஐந்து வெட்டுகள். இந்த வேலையைப் பேசும்போதே சொல்லாவிட்டால் ஆசாரி கீல் பக்கத்துப் பட்டையையே விட்டுவிடுவார். பூட்டும் பக்கம் மூன்று ஓரமும் கறுப்பு, கீல் பக்கம் பிவிசி பீடிங் என்று வந்து நிற்கும்.

டி பட்டையிலும் கீல் பிரச்சினை உண்டு, ஆனால் அது வெளியே தெரியாது. 20 மி.மீ. ஷட்டரில் காடி நடுவில், அதாவது பின்பக்கத்திலிருந்து 10 மி.மீ.யில் ஓடும். கிண்ணத் துளையின் ஆழம் ஏறக்குறைய 12. எனவே துளை காடியைத் தொடும். 8 மி.மீ. நீளமான டி காம்பு துளைக்குள் 4 மி.மீ. அளவுக்கு நீட்டிக்கொண்டு நிற்கும். முதலில் கிண்ணத் துளை, பிறகு காடி, அதன்பின் ஒவ்வொரு கீலுக்கும் நேரே காம்பில் 30 மி.மீ. மட்டும் நறுக்கிவிடுவது என்ற வரிசையில் போனால் எந்தத் தடையும் இல்லை. தலை அப்படியே முழு நீளத்துக்கும் ஓடும். கீல் ஷட்டருக்கு டி பட்டையை முன்வைப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

ஓரத்திலிருந்து கீல் அளவு எடுக்கும்போது பட்டையின் வெளிமுகத்திலிருந்து எடுக்க வேண்டும், பலகையிலிருந்து அல்ல. யூ உதடுகள் சேர்ந்தால் 20 மி.மீ. ஷட்டர் 22.4 ஆகிறது. தடிமன் கூடினால் திறக்கும்போது ஓரம் பக்கவாட்டில் கூடுதலாகச் சுழலும். அதனால் இரண்டு ஷட்டருக்கு நடுவே ஒரு நூல், அதாவது 3 மி.மீ. இடைவெளி விடுங்கள். 2 மி.மீ.யில் நிறுத்தினால் பட்டையும் பட்டையும் உரசி நிறம் போகும்.

ப்ளைவுட்டில் காடி

டி பட்டையின் குறை இதில் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். எம்டிஎஃப் ஓரத்தில் காடி எடுத்தால் கத்தியால் கீறியதுபோல் சுத்தமாக வரும். ப்ளைவுட்டில் நடு அடுக்கில் வெற்றிடம் இருக்கலாம், முடிச்சு இருக்கலாம். மட்டமான பலகையில் காடியின் பாதி நீளத்துக்குக் காம்பு பிடிக்கச் சுவரே இருக்காது. காடி எடுத்தவுடன் டார்ச் அடித்துப் பாருங்கள். வெற்றிடம் தெரிந்தால் இரண்டு குழாயில் வந்து கலக்கும் எபாக்சி பசையை மரத்தூளோடு குழைத்து அடைத்து, இறுகிய பின் திரும்ப ஒருமுறை கட்டரை ஓட்ட வேண்டும். பட்டை வேலை எடுப்பதாக இருந்தால் ப்ளைவுட் வாங்கும்போதே ஓரத்தை நான்கு பக்கமும் பார்த்து, நடு அடுக்கு நெருக்கமான பலகையாக எடுப்பதே மேல்.

காடி அகலத்தைக் காம்பு தீர்மானிக்கும். அலுமினிய டி பட்டையின் காம்பில் அம்பு முனைபோல் பற்கள் இருக்கும். பற்களின் முழு அகலத்தைவிடக் காடி 0.3 முதல் 0.5 மி.மீ. குறைவாக இருந்தால்தான் பிடிக்கும். தகட்டை மடித்துச் செய்யும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டி பட்டையில் பற்கள் இல்லை, பசைதான் பிடிப்பு; அதற்குக் காடி 0.3 மி.மீ. கூடுதலாக இருக்கட்டும். ஆழம், காம்பைவிட 1 மி.மீ. கூடுதல். இல்லாவிட்டால் அடியில் சேரும் பசை பட்டையை வெளியே தள்ளும். காடி எடுக்கும் ஸ்லாட் கட்டரை எப்போதும் ஷட்டரின் முன்முகத்தின் மேல் வைத்தே ஓட்ட வேண்டும். ஒரு ஓரத்தை முன்பக்கத்திலிருந்தும் இன்னொன்றைப் பின்பக்கத்திலிருந்தும் எடுத்தால் மூலையில் இரண்டு பட்டையும் ஒரு மட்டத்தில் சந்திக்காது.

அடி ஓரத்தில் தண்ணீர்

யூ பட்டையை ஷட்டரின் அடியில் போட்டால் அது வாய் மேல்நோக்கிய தொட்டி. ஷட்டரின் முகத்தைத் துடைக்கும்போது வழியும் தண்ணீர் முன் உதட்டின் இடுக்கில் இறங்கி, ப்ளைவுட்டின் வெட்டு ஓரம் அதிலேயே ஊறும். குளியலறை வாசலை ஒட்டிய அலமாரியிலும் சமையலறை சிங்க் கீழ் ஷட்டரிலும் முதல் மழைக்காலத்திலேயே லேமினேட் அடியில் உப்பும். அடியில் டி பட்டை போட்டால் இந்தச் சிக்கலே இல்லை. யூ தான் என்றால், வெட்டு ஓரத்துக்கு முதலில் வுட் சீலரோ பெயின்ட் பிரைமரோ இரண்டு கோட் அடித்து, முன் உதட்டின் மேல் விளிம்பு நெடுக மெல்லிய சீலன்ட் கோடு இழுத்து, அடியில் 3 மி.மீ. துளை இரண்டு போட்டுவிட வேண்டும்.

வெட்டும் மூலையும்

பட்டையை ஆங்கிள் கிரைண்டரால் வெட்ட அனுமதிக்காதீர்கள். சூட்டில் பூச்சு கருகும், வெட்டு நேராக வராது. மைட்டர் சாவில் (கோணம் வைத்து வெட்டும் மிஷின் ரம்பம்) அலுமினியத்துக்கான பிளேடு, 10 அங்குலத்துக்கு 80 முதல் 100 பல், பின்சாய்வுப் பல் உள்ளது, வேண்டும். மரம் வெட்டும் பிளேடு பட்டையைக் கவ்வி இழுத்து முறுக்கிவிடும். அது கைக்கும் ஆபத்து. யூ பட்டைக்குள் அதே அகல மரத்துண்டைச் செருகி, தெரியும் முகம் மேலே இருக்கும்படி கிளாம்ப் போட்டு, ஒரு துளி மண்ணெண்ணெய் தடவி மெதுவாக இறக்கினால் பிசிறு அடிப்பக்கம் மட்டுமே வரும். மெல்லிய அரத்தால் ஒரு தடவல் போதும். பாதுகாப்பு ஃபிலிமைக் கடைசி வரை உரிக்கக் கூடாது. ஆனால் ஃபிலிமோடு பட்டையை மொட்டை மாடி வெயிலில் போட்டு வைத்தால் ஃபிலிமின் பசை வெந்து பட்டையிலேயே தங்கிவிடும்.

மூலையை 45 டிகிரியில் வெட்டியே சேர்க்க வேண்டும். அனோடைஸ் பட்டையின் காம்பில் வி வெட்டு போட்டு மடக்குவது பலிக்காது. மடங்கும் இடத்தில் பூச்சு நுண்ணிய கோடுகளாக வெடிக்கும். கறுப்புப் பட்டையில் வெட்டு முகம் வெள்ளியாக மின்னும். ஒட்டும் முன் அந்த முகத்துக்கு டச்-அப் பெயின்ட் தொட்டுவிட்டால் மூலைக் கோடு மறைந்துவிடும். நான்கு மூலையின் நுனியையும் அரத்தால் ஒரு மி.மீ. மழுக்குங்கள். திறந்து கிடக்கும் ஷட்டரின் கீழ் மூலை குழந்தைகளின் கண் உயரத்தில் வரும், லாஃப்ட் ஷட்டரின் மூலை பெரியவர்கள் தலையில் இடிக்கும். இந்த ஒரு வேலையை மட்டும் எந்த அவசரத்திலும் விட்டுவிடக் கூடாது.

மூலை பிளப்பதற்குப் பலர் ஆசாரியைக் குறை சொல்வார்கள். பல இடங்களில் காரணம் வெப்பம். அலுமினியம் ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டரில் 0.023 மி.மீ. நீளும். 2,100 மி.மீ. பட்டை 20 டிகிரி வித்தியாசத்தில் ஏறக்குறைய 1 மி.மீ. மாறும். ப்ளைவுட் அந்த அளவுக்கு மாறாது. மே மாத வெயிலில் ஷெட்டில் வெட்டி இறுக்கமாகச் சேர்த்த மூலை, ஏசி போட்ட அறையில் அரை மி.மீ. திறந்து நிற்பது இதனால்தான். பட்டையையும் ஷட்டரையும் முதல் நாள் இரவே அந்த அறைக்குள் வைத்துவிட்டு, மறுநாள் அங்கேயே கடைசி வெட்டை எடுத்தால் இது பாதிக்கு மேல் தீரும். மீதியைப் பசையின் நெகிழ்வு பார்த்துக்கொள்ளும்.

பசை

ஃபெவிகால் எஸ்ஹெச் போன்ற வெள்ளைப் பசை மரத்துக்கானது. அதன் தண்ணீர் மரத்துக்குள் இறங்கினால்தான் அது இறுகும். உலோகத்தில் அது பிடிக்காது. ஃபெவிக்விக் வகை உடனே பிடிக்கும், ஆனால் கண்ணாடிபோல் இறுகிவிடும். கதவு சில முறை அறைந்து சாத்தப்பட்டால் நீளமாகப் பெயர்ந்து வரும். வினிகர் வாசம் அடிக்கும் சிலிக்கானும் வேண்டாம், நியூட்ரல் என்று எழுதியதாக இருந்தால் இடுக்கை அடைக்க மட்டும் உதவும். பட்டை ஒட்டுவதற்குப் பொருத்தமானது பி.யூ. (பாலியூரித்தேன்) சீலன்ட் அல்லது எம்.எஸ். பாலிமர். இரண்டும் இறுகிய பிறகும் ரப்பர்போல் நெகிழும். மேலே சொன்ன ஒரு மி.மீ. நீட்சியைத் தாங்கும். அரால்டைட் போன்ற எபாக்சியைக் குட்டையான பட்டைக்கு, கைப்பிடி ப்ரொஃபைலுக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஒட்டும் முன் பட்டையின் உட்பக்கத்தை 120 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். தொழிற்சாலை எண்ணெயும் வெட்டும்போது தடவிய மண்ணெண்ணெயும் ஒட்டிக்கொண்டிருந்தால் எந்தப் பசையும் நிற்காது. பவுடர் கோட்டிங் முகத்தில் தின்னர் படக் கூடாது, மங்கிவிடும்.

அளவும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 3 மி.மீ. பசைக் கோட்டுக்கு மீட்டருக்கு 7 மி.லி. ஆகும். 2,100 x 450 ஷட்டரின் சுற்றளவு 5.1 மீட்டர், யூ பட்டைக்குள் இரண்டு கோடு இழுத்தால் ஏறக்குறைய 70 மி.லி. ஆக, 300 மி.லி. குழாய் ஒன்று நான்கு ஷட்டருக்கு வரும். எட்டு ஷட்டருக்கு ஒரு குழாய் போதும் என்று யாராவது சொன்னால் பொட்டுப் பொட்டாகத்தான் வைக்கப் போகிறார்கள். ஒட்டியபின் ஒவ்வோர் அடிக்கும் ஒரு மாஸ்கிங் டேப் சுற்றி இறுக்குங்கள். பசை காற்றின் ஈரத்தால் இறுகுவது, நாளுக்கு 2 முதல் 3 மி.மீ. ஆழம்தான் போகும்; உலோகத்துக்கும் லேமினேட்டுக்கும் நடுவே காற்று குறைவு. ஒரு முழு நாள் ஷட்டரைப் படுக்கையாக வைத்த பிறகே கீல் மாட்டலாம்.

கைப்பிடியாகவும் பயன்படும் ஜி, ஜே ப்ரொஃபைல்களை வெறும் பசையில் நிறுத்தக் கூடாது. ஒவ்வொரு முறையும் கை இழுக்கும் விசை நேராகப் பசையின் மேல் விழுகிறது. முனையிலிருந்து 50 மி.மீ.க்குள் ஒன்று, பிறகு 300 மி.மீ.க்கு ஒன்று என்று உள்பக்கமிருந்து தலை பதியும் ஸ்க்ரூ போட வேண்டும். இன்னொன்று: பட்டை போட்டால் ஷட்டர் வளையாது என்று விற்பார்கள். 1.2 மி.மீ. யூ பட்டைக்கு 2 மீட்டர் பலகையை நிமிர்த்தி வைக்கும் பலம் கிடையாது. இரண்டு முகத்திலும் ஒரே தடிமன் லேமினேட் ஒட்டுவதும், உயரமான ஷட்டருக்குத் திருகி இறுக்கும் ஸ்ட்ரெய்ட்னர் கம்பி பதிப்பதும்தான் வளைவுக்கு மருந்து.

எத்தனை பட்டை, எவ்வளவு கழிக்க வேண்டும்

முடிந்த ஷட்டர் அகலம் 447 வேண்டுமென்றால், 1.2 மி.மீ. யூ பட்டைக்கு ஒவ்வொரு பக்கமும் பசை உட்பட 1.5 கழித்து பலகையை 444-க்கு வெட்ட வேண்டும். உயரத்திலும் அதே 3 மி.மீ. கழிவு. இதை லேமினேட் ஒட்டும் முன்பே முடிவுசெய்யாவிட்டால் பிறகு வெட்டும்போது லேமினேட் ஓரம் சில்லு சில்லாகப் போகும்.

2,100 உயர ஷட்டருக்கு 3 மீட்டர் பட்டை இரண்டு என்று கணக்கு வையுங்கள். ஒரு பட்டையில் ஒரு உயரம்தான் வரும். மீதி 900-இல் 450 அகலத் துண்டு ஒன்று போனால், பிளேடு தின்றதும் முனை சீராக்கியதும் போக 440 சொச்சம் மிஞ்சும். லாஃப்ட் ஷட்டரும் அதே 450 அகலம் என்றால் அந்த மிச்சம் சில மி.மீ. போதாமல் எல்லாமே கழிவாகும். பெட்டியை வடிவமைக்கும்போதே ஷட்டர் அகலத்தை 440-க்குள் வைத்தால் ஒவ்வொரு மிச்சமும் லாஃப்ட் ஷட்டரின் மேலோ கீழோ பொருந்திவிடும். எட்டு ஷட்டர் அலமாரியில் இந்த 10 மி.மீ. பல பட்டைகளை மிச்சப்படுத்தும். 12 அடி நீளப் பட்டையிலும் 2,100 உயரம் ஒன்றுதான் வரும் என்பதால் அதற்குக் கூடுதல் பணம் தர வேண்டாம்.

உலோகத்தின் தோற்றம் மட்டும் போதும், பட்ஜெட்டும் குறைவு என்றால் ஃபேக்டரி எட்ஜ் பேண்டிங் மிஷினில் ஒட்டும் மெட்டாலிக் பிவிசி பேண்ட், 1 அல்லது 2 மி.மீ., நேர்மையான மாற்று. காடி இல்லை, கீல் தடை இல்லை, தண்ணீரும் இறங்காது. அவசரமாகப் பொருத்திய யூ பட்டையைவிட இதுவே நாள் கடந்து நன்றாக இருக்கும். ஸ்டிக்கர் பட்டையின் கதை வேறு. அந்த மெல்லிய தகடு மூலையில் முதலில் எழும்பும், எழும்பிய நுனி பிளேடுபோல் கையை அறுக்கும்.

கொட்டேஷனில் ‘மெட்டல் ப்ரொஃபைல்’ என்று ஒரே சொல்லில் எழுதி வாங்காதீர்கள். வடிவம், சுவர் தடிமன், அனோடைஸா பவுடரா 304-ஆ, நான்கு ஓரமா மூன்றா, கீல் இடத்தில் வெட்டு யார் பொறுப்பு, பசையின் வகை ஆகியவை தனித்தனியே எழுதப்பட வேண்டும். ரன்னிங் அடிக்கு விலை பேசினால் கழிவுத் துண்டு யார் கணக்கில் என்பதையும் கேளுங்கள். முழு வேலைக்கு முன், உங்கள் பலகை, உங்கள் லேமினேட்டில் ஓர் அடிக்கு ஓர் அடி துண்டில் ஒரு மூலை செய்து காட்டச் சொல்வது நியாயமான கோரிக்கை. நல்ல ஆசாரி மறுக்க மாட்டார்.

கடைசியாக, புது வீட்டில் வேலை வரிசை. டைல்ஸில் ஒட்டிய சிமென்ட்டை நீக்க ஆசிட் வாஷ் செய்கிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்த ஆசிட்டின் ஆவி மூடிய அறையில் ஒரே நாளில் அலுமினியத்தை மங்கடிக்கும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் பழுப்புப் புள்ளி வைக்கும். புட்டியும் வெள்ளைச் சிமென்ட்டும் தெறித்துக் காய்ந்தால் அனோடைஸ் பட்டையில் அழியாத வெள்ளைத் தழும்பு விழும். ஆசிட் வாஷ், புட்டி, கடைசி பெயின்ட் எல்லாம் முடிந்து ஜன்னல்கள் ஓரிரு நாள் திறந்து கிடந்த பிறகுதான் பட்டையின் ஃபிலிமை உரிக்க வேண்டும். அதன்பின் ஈரத் துணியும் சில துளி ஷாம்பூவும் போதும். கழிப்பறை கிளீனரும் ஸ்டீல் நாரும் பட்டையின் பக்கமே போகக் கூடாது.